துருவச் சமன்பாட்டை எக்ஸ், ஒய் வடிவுக்கு மாற்றும்போது கூடும் புள்ளிகளும் குறையும் புள்ளிகளும்

வேலந்தாவளத்திலிருந்து பாலக்காட்டுச் சித்தூருக்குப் படிக்கப் போய்வரும் இளங்கலைக் கணித மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “மாஷே, ‘ஆர் = 4 காஸ் தீட்டா’ என்பதைக் கார்ட்டீசியன் (எக்ஸ், ஒய்) வடிவுக்கு மாற்றச் சொன்னால், எல்லாரும் முதல் வரியிலேயே இருபுறமும் ஆர்-ஆல் பெருக்குகிறார்கள். ஆர் சுழியாகவும் இருக்கலாம் அல்லவா? அப்படிப்பட்ட ஒன்றால் பெருக்கலாமா? அடுத்த கணக்கில் வர்க்கப்படுத்துகிறார்கள், அதற்கடுத்ததில் டேன் எடுக்கிறார்கள். இவற்றில் எது செல்லும், எது செல்லாது என்று யாரும் சொல்வதில்லை.”

தம்பி, இந்த ஐயம் நியாயமானது. மாற்றுவதற்கான சூத்திரங்களை மனப்பாடம் செய்ய ஐந்து நிமிடம் போதும். நீங்கள் கேட்டிருப்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர்நாடி. குறியீடுகளை வகுப்பில் உச்சரிப்பது போலவே இங்கே தமிழில் எழுதுகிறேன். நோட்டில் நீங்கள் வழக்கமான எழுத்துகளையே பயன்படுத்திக் கொள்ளுங்கள்.

முளைக்குச்சியில் கட்டிய மாட்டை நினைத்துக் கொள்வோம். மாடு எங்கே நிற்கிறது என்று சொல்ல இரண்டு வழிகள் உள்ளன. முளையிலிருந்து கிழக்கே இத்தனை அடி, அங்கிருந்து வடக்கே இத்தனை அடி என்று சொன்னால் அது எக்ஸ், ஒய். கிழக்குத் திசையிலிருந்து இவ்வளவு கோணம் திரும்பி, கயிற்றின் வழியே இத்தனை அடி போனால் மாடு நிற்கிறது என்று சொன்னால் அது தீட்டா, ஆர். முளை துருவம் (எக்ஸ், ஒய் கணக்கில் ஆதிப்புள்ளி), கிழக்கு நோக்கிய கோடு தொடக்கக் கோடு. செங்கோண முக்கோணம் ஒன்றை வரைந்தாலே இரண்டுக்கும் உள்ள உறவு தெரிந்துவிடும்:

எக்ஸ் = ஆர் காஸ் தீட்டா
ஒய் = ஆர் சைன் தீட்டா
எக்ஸ்² + ஒய்² = ஆர்²

நான்காவதாக டேன் தீட்டா = ஒய்/எக்ஸ் என்பதையும் சேர்ப்பார்கள். அது மற்ற மூன்றைப் போல எப்போதும் செல்லுபடியாவதன்று. எக்ஸ் சுழியானால் அதற்குப் பொருளே இல்லை. அதைப் பின்னர் பார்ப்போம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு புள்ளிக்கு எக்ஸ், ஒய் என்ற முகவரி ஒன்றே ஒன்றுதான். துருவ முகவரியோ பல. 60 பாகையும் 420 பாகையும் ஒரே திசை. துருவத்துக்கு ஆர் = 0 என்றால் போதும், தீட்டா எதுவாகவும் இருக்கலாம். ஆர் எதிர்ம எண்ணாகவும் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டால், (−2, 60°) என்பது 60 பாகைத் திசையை நோக்கி நின்றுகொண்டு 2 அலகு பின்னோக்கி நடப்பதாகும்; அதாவது (2, 240°). ஒரு புள்ளி துருவச் சமன்பாட்டின் வளைவரையில் இருக்க, அதன் பல முகவரிகளில் ஏதேனும் ஒன்று அச்சமன்பாட்டை நிறைவு செய்தால் போதும், எல்லா முகவரிகளும் நிறைவு செய்ய வேண்டியதில்லை. நீங்கள் கேட்ட எல்லாச் சிக்கல்களும் இந்த ஒரு வாக்கியத்திலிருந்தே கிளைக்கின்றன.

இப்போது உங்கள் முதல் கணக்கு. ஆர் = 4 காஸ் தீட்டா என்பதில் வலப்புறம் தனியாக நிற்கும் காஸுக்கு ஓர் ஆர் துணை கிடைத்தால் அது எக்ஸ் ஆகிவிடும்; அதற்காகத்தான் பெருக்குகிறோம். ஆர்² = 4 ஆர் காஸ் தீட்டா; ஆகவே எக்ஸ்² + ஒய்² = 4 எக்ஸ்; வர்க்கப் பூர்த்தி செய்தால் (எக்ஸ் − 2)² + ஒய்² = 4. மையம் (2, 0), ஆரம் 2 கொண்ட வட்டம் இது.

பெருக்கியதால் என்ன நேர்ந்தது? புதிய சமன்பாட்டை ஆர் (ஆர் − 4 காஸ் தீட்டா) = 0 என்று எழுதிப் பாருங்கள். பழைய வளைவரை அப்படியே இருக்கிறது; அதனுடன் ஆர் = 0, அதாவது துருவம் என்னும் ஒரே ஒரு புள்ளி சேர்ந்திருக்கிறது. ஆர்-ஆல் பெருக்குவதால் சேரக்கூடியது அவ்வளவுதான், ஒரு புள்ளிக்கு மேல் சேராது. அந்தப் புள்ளி ஏற்கெனவே வளைவரையில் இருந்ததா என்பது மட்டுமே கேள்வி. தீட்டா 90 பாகை ஆகும்போது 4 காஸ் தீட்டா சுழியாகிறது. ஆகவே துருவம் முன்பே வளைவரையில் இருக்கிறது. எதுவும் கூடவில்லை, பெருக்கியது சரி.

இந்த வட்டத்தை இயற்கணிதம் இல்லாமல் கண்ணால் காணவும் வழி உண்டு. எங்கள் கொழிஞ்சாம்பாறையில் தச்சர் ஒருவர் பலகையில் வளைவு வரைவதைப் பார்த்திருக்கிறேன். 4 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணிகளை அடித்தார். மூலைமட்டத்தின் இரண்டு கைகளின் உள்விளிம்புகளும் ஆளுக்கோர் ஆணியை உரசிக்கொண்டே இருக்கும்படி மட்டத்தை மெல்ல நகர்த்தினார்; உள்மூலையில் வைத்த பென்சில் அரைவட்டம் ஒன்றை இழுத்துக்கொண்டு போயிற்று. அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்று பள்ளியில் படித்ததை அவர் தலைகீழாகப் பயன்படுத்துகிறார். இடது ஆணியைத் துருவமாகவும், ஆணிகளை இணைக்கும் கோட்டைத் தொடக்கக் கோடாகவும் எடுத்துக்கொண்டால், இரண்டு ஆணிகளும் பென்சில் முனையும் சேர்ந்த செங்கோண முக்கோணத்தில் கர்ணம் 4, இடது ஆணியில் உள்ள கோணம் தீட்டா, அடுத்துள்ள பக்கம் ஆர். எனவே ஆர் = 4 காஸ் தீட்டா. விட்டத்தின் ஒரு முனை துருவத்திலேயே இருப்பதால் வட்டம் துருவத்தின் வழியே செல்லாமல் வேறு எப்படிப் போகும்? (வட்டத்தின் இரு புள்ளிகளை இணைக்கும் இந்த முக்கோணத்தின் பக்கங்களைத் தமிழில் நாண் என்போம், நம் பக்கத்து மலையாளப் பாடநூலில் ஞாண் என்பார்கள், சைனின் பழைய வடமொழிப் பெயரான ஜ்யா என்பதும் வில்லின் அதே கயிறுதான்.)

ஆனால் எல்லாக் கணக்கும் இவ்வளவு சாதுவாக இருப்பதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் ஆர் = 2 + காஸ் தீட்டா என்பதை மாற்றிக் காட்டினேன். ஆர்-ஆல் பெருக்கினேன்: ஆர்² = 2 ஆர் + ஆர் காஸ் தீட்டா. எக்ஸ், ஒய் இட்டு, மிச்சமிருந்த ஆரைத் தனியே நிறுத்தினேன்: எக்ஸ்² + ஒய்² − எக்ஸ் = 2 ஆர். வர்க்கப்படுத்தினேன்:

(எக்ஸ்² + ஒய்² − எக்ஸ்)² = 4 (எக்ஸ்² + ஒய்²)

சரிபார்ப்பதற்காக (3, 0) இட்டேன்: 36 = 36. (0, 2) இட்டேன்: 16 = 16. (−1, 0) இட்டேன்: 4 = 4. திருப்தியுடன் சாக்பீஸைக் கீழே வைக்கும்போது பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, “சார், (0, 0) இட்டாலும் 0 = 0 என்று வருகிறதே?” என்றாள். காஸின் மதிப்பு −1-க்குக் கீழே போகாது. எனவே 2 + காஸ் தீட்டா எப்போதும் 1-க்குக் குறையாது. வளைவரை துருவத்தை நெருங்கக்கூட இல்லை; ஆனால் என் விடையில் துருவம் உட்கார்ந்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாயின் ஆடிக் காற்று சன்னல் வழியே கரும்பலகைத் தூசியை முகத்தில் வாரி இறைத்துக்கொண்டிருந்தது எனக்கு நல்லதாயிற்று, துடைத்துக்கொள்ளும் சாக்கில் ஒரு நிமிடம் யோசிக்க முடிந்தது.

அவள் சொன்னது முழுக்கச் சரி. என் சமன்பாட்டின் படம், துருவத்தைச் சுற்றிவரும் முட்டை போன்ற ஒரு வளைவரையும், அதன் உள்ளே எதனோடும் ஒட்டாமல் தனித்துக் கிடக்கும் ஒரு புள்ளியும் ஆகும். துருவத்துக்கு மிக அருகில் உயர்படி உறுப்புகளைப் புறக்கணித்தால் சமன்பாடு எக்ஸ்² = 4 எக்ஸ்² + 4 ஒய்² என்று ஆகிறது; இதற்கு (0, 0) தவிர வேறு மெய்த்தீர்வு இல்லை என்பதால் அப்புள்ளி தனித்தீவு. அதைச் சேர்த்தது வர்க்கப்படுத்தியதா, பெருக்கியதா? பெருக்கியதுதான். வர்க்கப்படுத்தியதால் புகுந்திருக்கக்கூடியது எக்ஸ்² + ஒய்² − எக்ஸ் = −2 ஆர் என்ற எதிர்க்குறி வடிவம்; அதிலிருந்து ஆர் = காஸ் தீட்டா − 2 என்று வரும்; அது (−ஆர், தீட்டா + 180°) என்ற மாற்று முகவரியில் எழுதப்பட்ட பழைய வளைவரையே. ஆகவே சரியான விடை, மேற்கண்ட சமன்பாட்டுடன் “ஆதிப்புள்ளி நீங்கலாக” என்ற இரண்டு சொற்களும் சேர்ந்ததாகும். அதே கணக்கு ஆர் = 1 + காஸ் தீட்டா என்ற இதய வடிவ வளைவரையாக இருந்திருந்தால், 180 பாகையில் ஆர் சுழியாவதால், அந்த இரண்டு சொற்கள் தேவைப்பட்டிருக்காது.

வகுத்தல் இதற்கு நேர்மாறாகத் தவறு செய்யும். எக்ஸ்² + ஒய்² = 3 √(எக்ஸ்² + ஒய்²) என்பதைத் துருவ வடிவுக்குக் கொண்டுபோய் ஆர்² = 3 ஆர் என்று எழுதி, ஆரை அடித்துவிட்டு ஆர் = 3 என்று முடித்தால் ஆதிப்புள்ளி காணாமல் போகிறது. பெருக்கினால் கூடலாம், வகுத்தால் குறையலாம்; இரண்டிலும் கூடுவதும் குறைவதும் துருவம் ஒன்றுதான் என்பதால், எங்காவது ஆர் = 0 வருமா என்று ஒரு வரி எழுதிப் பார்த்துவிட்டால் இந்தப் பகுதி முடிந்தது. பெருக்கவே கூடாது என்று சிலர் அஞ்சுவது தேவையற்றது என்பது என் கருத்து.

நேர்கோடுகளில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆர் = 5 சீக் தீட்டா என்பது ஆர் காஸ் தீட்டா = 5, அதாவது எக்ஸ் = 5. ஆர் காஸ் (தீட்டா − 30°) = 5 என்பதை விரித்தால் √3 எக்ஸ் + ஒய் = 10. ஆர்² சைன் 2 தீட்டா = 8 என்பது நேர்கோடன்று; ஆனால் அதிலும் இருமடங்குக் கோணச் சூத்திரத்தை இட்டால் நேராக எக்ஸ் ஒய் = 4. இவற்றில் ஆர் ஏற்கெனவே வேண்டிய அளவு இருப்பதால் யாரையும் வெளியிலிருந்து அழைக்க வேண்டியதில்லை.

வர்க்கப்படுத்துதல் வேறு வகை. எக்ஸ்² + ஒய்² = ஆர்² என்பது எப்போதும் உண்மை; ஆர் = √(எக்ஸ்² + ஒய்²) என்பது ஆர் எதிர்மமாகாதபோது மட்டுமே உண்மை. உங்கள் குழப்பத்தின் பாதி இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். கலப்பெண்களின் துருவ வடிவில் ஆர் என்பது மட்டு மதிப்பு. அது எதிர்மமாக முடியாது. அதைப் படித்துவிட்டு நுண்கணிதத்துக்கு வந்தால், அங்கே வளைவரை வரைவதற்கு எதிர்ம ஆரையும் அனுமதிக்கிறார்கள். இரண்டு வழக்கங்களும் சரியானவை. எது நடப்பில் இருக்கிறது என்று முதலில் தெளிவாக்கிக் கொள்ளாமல் வர்க்கப்படுத்தினால்தான் தவறு.

கூம்பு வெட்டிகளில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். ஆர் = 2 / (1 − சைன் தீட்டா) என்பதைக் குறுக்குப் பெருக்கினால் ஆர் − ஒய் = 2, அதாவது ஆர் = ஒய் + 2. இந்த வரியிலேயே ஒரு நொடி நிற்பது நல்லது: துருவத்திலிருந்து புள்ளிக்கு உள்ள தொலைவு, ஒய் = −2 என்ற கோட்டிலிருந்து அதற்கு உள்ள தொலைவுக்குச் சமம் என்கிறது அது. பரவளையத்தின் வரையறையே அதுதானே! குவியம் துருவத்தில், இயக்குவரை ஒய் = −2. வர்க்கப்படுத்தினால் எக்ஸ்² = 4 ஒய் + 4. சைனுக்கு 1-ஐ விடப் பெரிய மதிப்பு இல்லாததால் இங்கே ஆர் எப்போதும் நேர்மம்; வர்க்கப்படுத்தியதால் எதுவும் கூடவில்லை.

அடுத்து ஆர் = 3 / (1 − 2 காஸ் தீட்டா). முன்போலவே ஆர் = 3 + 2 எக்ஸ்; வர்க்கப்படுத்தி ஒழுங்குபடுத்தினால்

(எக்ஸ் + 2)² − ஒய்²/3 = 1

என்ற அதிபரவளையம் வருகிறது. இதற்கு இரண்டு கிளைகள்: ஒன்றின் முனை (−1, 0), மற்றதன் முனை (−3, 0). தீட்டா 180 பாகையாக இருக்கும்போது ஆர் = 1; அது (−1, 0). தீட்டா சுழியாக இருக்கும்போது ஆர் = −3; அது (−3, 0). ஆகவே எதிர்ம ஆர் அனுமதிக்கப்பட்டால் இரண்டு கிளைகளும் மூலச் சமன்பாட்டுக்கே உரியவை. அனுமதிக்கப்படாவிட்டால் 3 + 2 எக்ஸ் நேர்மமாக இருக்க வேண்டும், அதாவது எக்ஸ் −1.5-ஐ விடப் பெரிதாக இருக்க வேண்டும். அப்போது இடக்கிளை முழுவதும் வர்க்கப்படுத்தியதால் வந்த விருந்தாளி. முன்பு ஒரு புள்ளிதான் கூடியது, இங்கே ஒரு கிளையே கூடிவிடுகிறது. வானியலில் இது ஏட்டுக் கவலையன்று. சூரியனைக் குவியமாகக் கொண்டு, 2017-இல் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்து திரும்பிப் போன ஓமுவாமுவா என்ற விண்பொருள் போன்ற ஒன்றின் பாதையை எழுதினால், அது செல்வது ஒரு கிளையில் மட்டும். மற்றக் கிளையில் எதுவும் பறப்பதில்லை.

ஆர் = சைன் 2 தீட்டா என்ற நான்கிதழ்ப் பூவிலும் இதே கதைதான். ஆர்² ஆல் பெருக்கி வர்க்கப்படுத்தினால் (எக்ஸ்² + ஒய்²)³ = 4 எக்ஸ்² ஒய்² என்று நான்கு இதழ்களும் கிடைக்கும். ஆர் நேர்மம் மட்டுமே என்ற வழக்கத்தில் மூலச் சமன்பாட்டுக்கு முதல், மூன்றாம் கால்பகுதிகளில் உள்ள இரண்டு இதழ்களே உரியவை.

கடைசியாக டேன். தீட்டா = 30° என்பதற்கு டேன் எடுத்து ஒய் = எக்ஸ்/√3 என்று எழுதுகிறார்கள். டேன் 180 பாகைக்கு ஒருமுறை திரும்ப வருவதால் இது முழு நேர்கோடு. ஆர் நேர்மமாக மட்டும் இருக்குமானால் மூலத்தில் இருந்தது அதன் வலப்பாதிக் கதிர் மட்டுமே. புள்ளிகளை மாற்றும்போது இதே சிக்கல் கணிப்பானில் வருகிறது. (−1, −√3) என்ற புள்ளிக்கு ஒய்/எக்ஸ் = √3; கணிப்பான் 60° என்று சொல்லும். புள்ளியோ மூன்றாம் கால்பகுதியில் இருக்கிறது, கோணம் 240°. (ஆரை −2 என்று எடுத்துக்கொண்டால் 60° என்பதும் சரியே, கணிப்பான் அதைச் சொல்லாது.) இரண்டு குறிகளையும் தனித்தனியே பார்த்துக் கோணம் சொல்லும் ஏடேன்2 என்ற சார்பு கணினி மொழிகளில் உண்டு, சி, பைத்தான் மொழிகளில் அது ஒய்-ஐ முதலில் கேட்கும், எக்செல் விரிதாளில் எக்ஸ்-ஐ முதலில் கேட்கும். இரண்டிலும் மாறி மாறி வேலை செய்பவர்கள் இதில் இடறி விழாமல் இருப்பது அரிது.

எக்ஸ், ஒய் தெரிந்தால் கோணத்தை முடிவிலாத் தொடர் ஒன்றால் கணக்கிடும் வழி நம் கணவாய்க்கு மேற்கேதான் முதலில் உருவாயிற்று. 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கேரளக் கணித அறிஞர் சங்கமக்கிராமத்து மாதவரின் தொடரை இன்றைய குறியீட்டில் எழுதினால், டி = ஒய்/எக்ஸ் எனக் கொண்டு, தீட்டா = டி − டி³/3 + டி⁵/5 − … என்று வரும்; கோணம் ரேடியனில். இதற்கான நிறுவலை 16-ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் யுக்திபாஷா என்ற நூலில் மலையாளத்திலேயே எழுதினார். ஐரோப்பாவில் ஜேம்ஸ் கிரிகரி இத்தொடரைக் கண்டது 1671-இல். டியின் அளவு 1-ஐத் தாண்டினால் தொடர் குவியாது. அப்போது எக்ஸ், ஒய் இரண்டையும் இடம் மாற்றி, கிடைத்த கோணத்தை 90 பாகையிலிருந்து கழிக்க வேண்டும். எந்தப் பக்கம் பெரியது, எந்தக் கால்பகுதி என்று பார்க்காமல் கோணம் எழுதக் கூடாது என்ற கட்டுப்பாடு அப்போதும் இருந்தது.

டேன் எடுப்பதன் முழு விளைவையும் காண ஆர் = தீட்டா என்ற ஆர்க்கிமிடீஸ் சுருளை எடுத்துக்கொள்ளுங்கள்; தீட்டா சுழியிலிருந்து மேல்நோக்கி, ரேடியனில். நேர்கோடு ஒன்று இதை எண்ணற்ற இடங்களில் வெட்டுவதால் எக்ஸ், ஒய்யில் எந்தப் பல்லுறுப்புச் சமன்பாடும் இதற்குப் பொருந்தாது; அதனால் சிலர் ஒய் = எக்ஸ் டேன் √(எக்ஸ்² + ஒய்²) என்று எழுதி விடுகிறார்கள். அதில் துருவத்திலிருந்து பை தொலைவில் உள்ள புள்ளிகளைத் தேடுங்கள். டேன் பை சுழி என்பதால் ஒய் = 0; எக்ஸ் = பை அல்லது −பை. சுருளில் தீட்டா = பை ஆகும்போது நாம் இடப்புறத்தில் இருக்கிறோம்; ஆகவே (−பை, 0) சுருளுக்கு உரியது. (பை, 0) என்ற புள்ளிக்குத் தீட்டா 0, 2 பை, 4 பை என்றுதான் இருக்க முடியும். அவற்றில் எதற்கும் ஆர் பை ஆகாது. அப்புள்ளி டேன் கொண்டுவந்த இரண்டாவது கையின்மேல் இருக்கிறது. தேர்வில் இந்தச் சுருளை மாற்றச் சொன்னால் எக்ஸ் = தீட்டா காஸ் தீட்டா, ஒய் = தீட்டா சைன் தீட்டா என்று இரண்டு வரிகளாக எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள்; அதில் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.